மறு: ‘அக்வயர்ட் சாவன்ட்’ (மூளைக் காயத்துக்கோ நோய்க்கோ பிறகு புதிதாக அபாரத் திறன் வெளிப்படுபவர்) – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘ஈட்டிய மேதைமை’ என்று முடித்துவிடலாம். மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது.

ஐயா, அகராதிப்படி நேர்தான். ஆனால் நாம் ஈட்டுவது பணத்தையும் புகழையும்; உழைப்பில்லாமல் ஈட்டல் இல்லை. டாமி மெக்ஹியூ எதை ஈட்டினார்? லிவர்பூலில் கட்டட வேலை பார்த்தவர். 2001இல், 51 வயதில், மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்தது. பிழைத்து வீடு திரும்பியவர் நோட்டு நோட்டாக எதுகை போட்டு எழுதித் தள்ளினார். அப்புறம் தூரிகையைக் கையில் எடுத்தார். தாள் போதாமல் சுவர், கூரை, தரை என்று வீடு முழுக்க வரைந்தார். வேண்டிப் பெற்றதில்லை, வந்து சேர்ந்தது.

> ‘பெற்ற திறன்’ எளிமையாக இல்லையா?

அம்மா, எளிமைதான். ஆனால் ‘பெற்ற மனம் பித்து’ கேட்டு வளர்ந்த காது இது. ‘பெற்ற மேதை’ என்றால் எனக்கு மேதையின் தாயார்தான் நினைவுக்கு வருகிறார்.

கண் தெரியாத ஒருவரைப் பற்றி ஊரில் என்ன கேட்பார்கள்? “பிறவியிலேயேவா, இடையில வந்ததா?” நமக்கு வேண்டிய வேறுபாடு அதில் இருக்கிறது. எனவே என் பரிந்துரை ‘இடைவந்த தனித்திறன்’. இடைச்செருகல் போல ஒலிக்கிறது என்று யாராவது சொல்வீர்கள். சொல்லுங்கள், அதுவும் பொருந்தத்தான் செய்கிறது.

இந்த அடைமொழி இழப்புக்கும் உதவும். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் ஓர் அமெரிக்க ஓவியரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்கு 1986இல், 65 வயதுக்கு மேல், கார் விபத்து. கண்ணில் பழுதில்லை, ஆனால் நிறம் மொத்தமும் போய்விட்டது. தக்காளிச் சாறு கறுப்பாகத் தெரிந்தது. சாப்பாட்டைப் பார்க்கவே சகிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். கடைசியில் கறுப்பு ஆலிவ், வெள்ளைச் சோறு என்று கறுப்பு வெள்ளை உணவுக்கே மாறினார். வெறுமனே ‘நிறக்குருடு’ என்றால் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் குழம்புகிறவர்தான் மனத்தில் வருவார். ‘இடைவந்த நிறக்குருடு’ என்றால் குழப்பமில்லை.

அடுத்தது ‘சினஸ்தீசியா’, அதாவது ஒரு புலன் தூண்டப்படும்போது இன்னொரு புலனின் உணர்வும் சேர்ந்து எழுவது. அமெரிக்காவின் டகோமா நகரைச் சேர்ந்த ஜேசன் பேஜெட்டை 2002இல் வழிப்பறிக்காரர்கள் தலையில் அடித்தார்கள். அதற்குப் பிறகு, தொட்டியில் நீர் வடிவதைப் பார்த்தாலே அவருக்குக் கோடுகளும் வடிவங்களும் தெரிகின்றன. இதற்கு ‘புலன்மயக்கம்’ வைக்கலாம். மெய்ம்மயக்கம், திணைமயக்கம் என்று இலக்கணத்தில் நாம் படித்த மயக்கம் கலப்புதானே.

* * *

ஐயா, ‘இடைவந்த’வுக்கு என் ஓட்டு. ‘புலன்மயக்கம்’ வேண்டவே வேண்டாம். நான் நரம்பியல் வார்டில் செவிலியர். தலையில் அடிபட்டு வருகிறவரின் வீட்டாரிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வியே “மயக்கம் வந்துச்சா? எவ்வளவு நேரம்?” என்பதுதான். டிஸ்சார்ஜ் தாளில் ‘இடைவந்த புலன்மயக்கம்’ என்று எழுதிக் கொடுத்தால், மறுபடி விழுந்துவிடுவாரோ என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து காவல் காப்பார்கள். தொல்காப்பியரை வார்டுக்குள் அழைத்து வர முடியாது.

‘புலனிணைவு’ என்று வைக்கலாமே? எண்ணுருவை அறியும் இடமும் நிறத்தை அறியும் இடமும் மூளையில் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு இடையே குறுக்கிணைப்பு இருப்பதால்தான் சிலருக்கு எண்கள் நிறத்தோடு தெரிகின்றன என்று மூளை ஆய்வாளர்கள் வி. எஸ். இராமச்சந்திரனும் ஹப்பர்டும் 2001இல் எழுதினார்கள். அந்த இணைப்பைச் சொல்லவும் இந்தச் சொல் ஒத்துவரும்.

இன்னொன்று. மெக்ஹியூவுக்கு வந்தது திறனா? நிறுத்த முடியாமல் வரைந்துகொண்டே இருந்தவரைத் திறனாளர் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

* * *

சரி அம்மா, மயக்கத்தை எடுத்துவிடுகிறேன். ‘புலனிணைவு’ பட்டியலில் ஏறுகிறது. சாக்ஸின் ஓவியருக்கு விபத்துக்கு முன் இசை கேட்டால் நிறங்கள் தெரியுமாம். நிறத்தோடு அதுவும் போயிற்று. அவர் விஷயத்தில் ‘புலனிணைவு அற்றது’ என்றும் எழுதிப் பார்த்தேன், இடறவில்லை.

திறன் பற்றிக் கேட்டதற்கு: ‘இடைவந்த தனித்திறன்’ பேஜெட் போன்றோருக்கு இருக்கட்டும். மெக்ஹியூவுக்கு ‘இடைவந்த படைப்புந்தல்’ எப்படி? ‘உந்தல்’ கொஞ்சம் பேருந்து நெரிசல் போல ஒலிக்கிறது. ‘படைப்புவேகம்’ என்றும் யோசித்தேன், காய்ச்சல் மாதிரி இருக்கிறது. வேறு சொல் கிடைக்கும்வரை ‘படைப்புந்தல்’ பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைக்கிறேன்.