விலை உயர்ந்த கைக்கடிகாரம் வாங்கினால் அதன் மதிப்பு நிலைக்குமா?

கேள்வி: பொன்மலை

அனைவருக்கும் வணக்கம். அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறவிருக்கிறேன். 31 ஆண்டு வேலையில் எனக்கென்று பெரிதாக எதையும் வாங்கிக்கொண்டதில்லை. ஆகவே, ஓய்வுப் பணத்தில் 7 லட்சம் ரூபாயைத் தனியே எடுத்து வைத்து, இளம் வயதிலிருந்து ஆசைப்பட்டு வந்த ஒரு ஸ்விஸ் கைக்கடிகாரத்தை வாங்கலாம் என்று எண்ணுகிறேன். சென்னையில் பழைய கடிகாரங்களை வாங்கி விற்கும் ஒருவர், நான்கு ஆண்டுகள் பயன்பட்ட ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் ஒன்றை 6,80,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். பெட்டியும் வாரண்டி கார்டும் உடன் இருக்கின்றன.

இதைச் செலவுக் கணக்கில் எழுத வேண்டாம், இதுவும் தங்கம் போலத்தான், பத்து ஆண்டில் இரண்டு மடங்காகிவிடும் என்று அவர் உறுதியாகச் சொல்கிறார். தங்கம் போல என்றால் தங்கத்தையே வாங்கிவிடலாமே என்கிறார் என் மனைவி. எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. கடிகாரங்களைச் சேகரிப்பவர்களும் விற்றுப் பார்த்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உண்மையில் இவற்றின் மதிப்பு நிலைக்கிறதா, அல்லது விற்பவர்கள் சொல்லும் பேச்சு மட்டும்தானா என்பதை அறிய விரும்புகிறேன்.

பதில் 1: சாவிக்கடிகாரன்

வணக்கம் ஐயா. இருபது ஆண்டுகளாக வாங்கியும் விற்றும் வருகிறேன் என்ற உரிமையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் மனைவி கேட்டதிலேயே பாதி விடை இருக்கிறது. தங்கத்துக்கு ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு விலை அறிவிக்கப்படுகிறது. சேதாரம், செய்கூலி என்று எவ்வளவு போனாலும், மிச்சம் இவ்வளவு என்று கடைக்குள் நுழையும் முன்பே நம்மால் கணக்குப் போட்டுவிட முடியும். கடிகாரத்துக்கு அப்படிப் பலகையில் எழுதிப்போடும் விலை எதுவும் கிடையாது. இணையத்தில் நாம் காண்பவை பெரும்பாலும் விற்பவர் கேட்கும் விலைகள்தான். அந்த விலைக்கு யாரேனும் வாங்கினார்களா, எத்தனை மாதம் கழித்து வாங்கினார்கள், இடையில் தரகு எவ்வளவு போயிற்று என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் தெரியாது. ஒரு கடிகாரத்தின் மதிப்பு நிலைத்ததா என்பதை, அதை விற்ற அன்று நம் கைக்கு வந்த பணத்தைக் கொண்டே அளக்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் தேறுபவை மிகச் சில.

அந்தச் சில எவை? ரோலெக்ஸ், படேக் ஃபிலிப், ஓடமார் பிகே ஆகிய மூன்று நிறுவனங்களின் குறிப்பிட்ட மாடல்களைத்தான் சந்தை விடாமல் தேடி வருகிறது. அவற்றிலும் தங்கத்தில் செய்தவற்றைவிட எஃகில் செய்த விளையாட்டு வகைக் கடிகாரங்களுக்கே கூடுதல் போட்டி. அரிய பொருள் என்பதால் இந்த விலை என்று நினைத்துவிட வேண்டாம். ரோலெக்ஸ் நிறுவனம் ஆண்டுக்குப் பத்து லட்சம் கடிகாரங்கள் அளவில் செய்வதாக மதிப்பிடப்படுகிறது. கேட்பவர்கள் அதைவிட அதிகமாக இருப்பதாலும், ஷோரூமில் காத்திருப்புப் பட்டியல் நீள்வதாலும்தான் பழைய கடிகாரத்துக்கும் விலை நிற்கிறது. அந்த வரிசை குறுகும்போது விலையும் இறங்கும்.

இறங்கியதை நாங்கள் கண்ணாரப் பார்த்தோம். படேக் ஃபிலிப்பின் நாட்டிலஸ் 5711 என்ற எஃகுக் கடிகாரத்தைத் தயாரிப்பிலிருந்து நிறுத்துவதாக 2021 ஜனவரியில் செய்தி வந்தது. ஷோரூமில் ஏறத்தாழ 35,000 டாலருக்கு விற்ற அது, வெளிச்சந்தையில் அதைப் போலப் பல மடங்கு விலைக்குக் கைமாறியது. அந்த டிசம்பரில், டிஃபனி என்ற அமெரிக்க நகை நிறுவனத்துக்காக நீல நிற டயலுடன் செய்யப்பட்ட ஒன்று நியூயார்க் ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனது. கடிகாரத்தின் மேல் எந்த ஈடுபாடும் இல்லாதவர்கள்கூட, பங்குச் சந்தையிலும் கிரிப்டோவிலும் வந்த பணத்தைக் கொண்டு வாங்கத் தொடங்கினார்கள். 2022-இன் முதல் மாதங்களில் உச்சத்தைத் தொட்ட விலைகள் அதன் பிறகு சரியத் தொடங்கின. உச்சத்தில் வாங்கியவர்கள் இன்றும் அந்த விலை திரும்ப வருமா என்று காத்திருக்கிறார்கள். ஷோரூம் விலைக்கு வாங்கியவர்களுக்கு அந்தச் சரிவால் நட்டம் ஏற்படவில்லை. கடிகாரம் ஒன்றே, எந்த விலையில் உள்ளே நுழைந்தோம் என்பதுதான் வேறு.

கோடிக்கணக்கில் விற்ற ஏலச் செய்திகளையும் விற்பவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேட்டோனா 2017 அக்டோபரில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு விற்றது உண்மை. அது அவருடைய மனைவி அவருக்கு வாங்கிக் கொடுத்தது, "கவனமாக ஓட்டுங்கள், இப்படிக்கு நான்" என்ற பொருளில் பின்புறம் வாசகம் பொறித்தது, அவர் பல ஆண்டுகள் அணிந்தது. அந்த டேட்டோனாவில் இருந்த வகை டயல் வெளிவந்த காலத்தில் வாங்க ஆளில்லாமல் கடைகளில் தேங்கிக் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்று கடையில் நின்ற எவருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. இன்று கடையில் நிற்கும் நமக்கும் அப்படித்தான்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீகோ நிறுவனம் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஸ்விட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். தங்கத்தின் விலை ஏறிய அந்த நாள்களில், உள்ளிருந்த இயந்திரத்தை எடுத்தெறிந்துவிட்டு, தங்க உறையை மட்டும் உருக்கப் போட்டவர்கள் உண்டு. ஸ்விஸ் இயந்திரக் கடிகாரத்தின் மதிப்பு என்றைக்கும் குறையாது என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் நினைவூட்டுவேன்.

உங்கள் டேட்ஜஸ்ட் நல்ல கடிகாரம். விற்க நினைத்தால் வாங்க ஆள் கிடைக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கடைக்காரரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "இதே கடிகாரத்தை நாளைக்கு நான் கொண்டுவந்தால், ரொக்கமாக எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" அவர் சொல்லும் தொகையை இங்கே வந்து எழுதுங்கள்.

பதில் 2: கோவை வாசகன்

சுருக்கமாக என் அனுபவத்தைப் பதிகிறேன். நூறாண்டுப் பெருமை உடைய ஒரு ஸ்விஸ் நிறுவனத்தின் கடிகாரத்தைப் புதிதாக 4,60,000 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று ஆண்டு கழித்து வீட்டுத் தேவைக்காக விற்கப் போனபோது, நான்கு இடங்களில் கேட்டு, கடைசியில் கிடைத்தது 2,70,000. அதே நாளில் அதே மாடலை இணையத்தில் 3,90,000 என்று போட்டிருந்தார்கள். அந்த 3,90,000-ஐ நம்பித்தான் நான் விற்கவே புறப்பட்டேன். சாவிக்கடிகாரன் ஐயா சொல்லும் அளவுகோல் அன்று எனக்குத் தெரியாது.

பதில் 3: ஐகிளாஸ்

திருச்சியில் கடிகாரம் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். என் தந்தையாரும் இதே தொழில். விலையைப் பற்றி மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். பொருளைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தம் கடிகாரத்தின் மதிப்பைத் தம் கையாலேயே குறைத்துக்கொள்கிறார்கள்.

சென்ற ஆண்டு ஒருவர், தம் மாமனார் 1970-களில் துபாயிலிருந்து கொண்டுவந்த கடிகாரத்துடன் வந்தார். நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்கு அனுப்பி, பெரும் தொகை செலவிட்டு, புத்தம் புதிதாக்கி வாங்கியிருந்தார். டயல் மாற்றப்பட்டிருந்தது, முட்கள் மாற்றப்பட்டிருந்தன, உறை கண்ணாடி போலப் பளபளத்தது. அதன் பழைய டயலை அவர்கள் ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திருப்பித் தந்திருந்தார்கள். அதை ஐகிளாஸில், அதாவது நாங்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் உருப்பெருக்கியில், வைத்துப் பார்த்தேன். மணிக்குறிகளில் இருந்த ஒளிப்பூச்சு ஐம்பது ஆண்டில் பழுத்து, பழைய ஓலைச்சுவடியின் நிறத்துக்கு வந்திருந்தது. டயலின் அடியில் ஸ்விஸ் என்ற சொல்லுக்கு இருபுறமும் டி என்ற எழுத்து இருந்தது. இருட்டில் ஒளிர்வதற்காக டிரிட்டியம் என்ற பொருளைக் கலந்து பூசிய காலத்து டயல் என்பதற்கு அதுவே அடையாளம். சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பது அந்தப் பழுத்த நிறத்துக்குத்தான். நல்ல வேளையாக அந்தப் பிளாஸ்டிக் உறையை அவர் தூக்கி எறியவில்லை.

பாலிஷ் போடுவதும் அப்படியே. செயின் பொருந்தும் நான்கு கொம்புகளிலும் தொழிற்சாலையில் வெட்டிய விளிம்பு கத்தி முனை போல இருக்கும். ஒவ்வொரு முறை சக்கரத்தில் பிடிக்கும்போதும் கொஞ்சம் உலோகம் போய்விடும், விளிம்பு சோப்புக் கட்டி போல மழுங்கிவிடும். போன உலோகம் திரும்பி வராது.

பொன்மலை ஐயா, நீங்கள் பார்க்கும் கடிகாரத்தில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். அந்தக் கொம்புகளின் விளிம்பு நான்கிலும் ஒரே அளவாகக் கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். கடிகாரத்தைப் பக்கவாட்டில் படுக்கையாகப் பிடித்தால் செயின் நேராக நிற்க வேண்டும், கொடியில் காயும் துணி போலத் தொய்ந்தால் கண்ணிகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். கண்ணாடிக்கு உட்புறமுள்ள உலோக வளையத்தில், 6 மணிக்கு நேராக, வரிசை எண் பொறித்திருக்கும். அது வாரண்டி கார்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

பாகங்களைக் கலந்து செய்த கடிகாரங்கள் எச்எம்டி முதல் ஒமேகா வரை எல்லாத் தரத்திலும் இருக்கின்றன. எச்எம்டி கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்த பிறகு, பழைய இயந்திரத்தில் புதிதாக அச்சடித்த வண்ண டயலைப் பொருத்தி விற்பது பெருகிவிட்டது. ஐகிளாஸில் பார்த்தால் எழுத்தின் ஓரங்கள் கசிந்திருக்கும், நிமிடப் புள்ளிகள் கோட்டில் நிற்கா. ஜெனீவாவில் 2021 நவம்பரில் 31 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்கு ஏலம் போன 1957-ஆம் ஆண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்றே பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துச் செய்தது என்று 2023-இல் தெரியவந்தது. அதை வாங்கியிருந்ததே ஒமேகா நிறுவனம்தான். அவர்களுக்கே அந்த நிலை என்றால், ஒரு மணி நேரம் கடையில் உட்கார்ந்து பார்க்கும் நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

பதில் 4: நெடுவழி

பணக் கணக்கில் விடுபட்ட ஒரு பகுதியைச் சேர்க்கிறேன். நம் நாட்டில் ஸ்விஸ் கடிகாரங்களின் விலை ஏறியதில் ஒரு பங்கு, பிராங்குக்கு எதிராக ரூபாய் இறங்கியதால் வந்தது. இன்னொரு பங்கு சுங்க வரியால் வந்தது. ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட வணிக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. அதன்படி அங்கிருந்து வரும் கடிகாரங்களின் வரி படிப்படியாகக் குறையும். புதியதன் விலை அதனால் இறங்குமா, நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஏற்றும் விலை அதை விழுங்கிவிடுமா என்பதைப் பொறுத்தே, இன்று 6,80,000 கொடுத்து வாங்கும் பழைய கடிகாரத்தின் நாளைய விலை அமையும். தவிர, 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு 2025 ஏப்ரல் 22 முதல் விற்பவர் 1 விழுக்காடு வரி பிடித்துக்கொள்வார். வருமான வரிக் கணக்கில் அதை ஈடு செய்துகொள்ளலாம். உங்கள் தொகை அந்த எல்லைக்குள் இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

பொன்மலை

பதில் எழுதிய நால்வருக்கும் நன்றி. நேற்றுச் சென்னைக்குச் சென்று கடைக்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். முதலில் சிரித்தார், பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தார். நான் விடாமல் கேட்டதும் 5,20,000 என்றார். காலையில் 6,80,000, மாலையில் 5,20,000. ஆக, கடையின் வாசற்படியைத் தாண்டும்போதே 1,60,000 ரூபாய் போய்விடுகிறது. அது திரும்பி வந்தால்தான் ஏற்றம் என்ற பேச்சே தொடங்கும்.

ஐகிளாஸ் ஐயா சொன்ன மூன்று இடங்களையும் பார்த்தேன். செயின் தொய்யவில்லை, வரிசை எண் ஒத்துப்போகிறது. ஆனால் இடது பக்கத்துக் கீழ்க்கொம்பு மற்ற மூன்றையும்விட மழுங்கலாக இருப்பதாகத் தோன்றியது. அதைச் சுட்டிக்காட்டியதும் 6,35,000-க்கு இறங்கி வந்தார்.

வீட்டில் இதை அப்படியே சொன்னேன். தங்கத்தோடு ஒப்பிடும் பேச்சை இருவருமே விட்டுவிட்டோம். 6,35,000-க்கு வாங்கிப் பிறகு 5,20,000-க்கு விற்க நேர்ந்தாலும், பத்து ஆண்டு அணிவதற்கு ஆகும் செலவு 1,15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது நமக்குக் கட்டுப்படியாகும் என்று என் மனைவியே சொன்னார். வாங்கலாம் என்றே நினைக்கிறேன், ஆனால் அந்தக் கொம்பு மனத்தை உறுத்துகிறது.

ஐகிளாஸ்

ஒரு கொம்பு மட்டும் மழுங்கியிருந்தால், எங்கோ இடித்த வடுவை மறைக்க அந்த இடத்தில் மட்டும் பாலிஷ் போட்டிருக்கலாம். இடித்த கடிகாரம் என்றால் உள்ளே நீர் புகாமல் காக்கும் வளையத்தையும், நேரம் தவறாமல் ஓடுகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். பின்மூடியைத் திறந்து, நேரம் அளக்கும் கருவியில் வைத்து உங்கள் முன்னிலையில் காட்டச் சொல்லுங்கள். டயல் மேலே பார்க்க ஒரு முறை, கீழே பார்க்க ஒரு முறை, கிரவுன் எனும் பக்கவாட்டுத் திருகு கீழே இருக்க ஒரு முறை என மூன்று நிலைகளில் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள டேட்ஜஸ்ட் ஒரு நாளைக்குச் சில நொடிகளுக்கு மேல் விலகாது. அவர் திறந்து காட்ட மறுத்தால், வேறு கடையில் வேறொரு டேட்ஜஸ்ட் கிடைக்கும்.