பீளமேட்டில் மூன்று மணி நேரம்

துபாயில் வேலை பார்த்தபோது, விலை குறைவு என்று கோழிக்கோட்டுக்குத்தான் டிக்கெட் போடுவேன். அங்கிருந்து பாலக்காடு வழியாகக் கோவைக்குக் கார். ஒரு ஜூலை மாதம், விடிகாலை, மழை கொட்டுகிறது. ஜன்னலில் வெள்ளை மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சக்கரம் இறங்கிய சத்தம் கேட்டதும், சரி வந்தாச்சு என்று காலால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று இன்ஜின் அலற, முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ள, விமானம் மறுபடி மேலே ஏறுகிறது. அரை மணி சுற்றிவிட்டு இன்னொரு முறை முயன்றார்கள், அதுவும் அப்படியே. அப்புறம் கேப்டன் மைக்கில் சொன்னார்: கோவைக்குப் போகிறோம்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சிங்காநல்லூரில் வீடு, ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடம்! ஆனால் பீளமேடு விமான நிலையத்தில் இறங்கவே விடவில்லை. பெட்டி, இமிக்ரேஷன் எல்லாம் கோழிக்கோட்டில்தானாம். அம்மாவுக்குப் போன் போட்டு, "பீளமேட்டுல நிக்கறேன்மா, கோழிக்கோடு போயிட்டு வந்துடறேன்" என்றால், "தூக்கத்துல உளறாத, தண்ணி குடி" என்கிறார்.

உள்ளே ஒரே சண்டை. ஓட்டத் தெரியாத ஆளை அனுப்பிவிட்டார்கள் என்று ஒருவர் கத்த, நாலு பேர் ஆமாம் போட, பக்கத்து சீட்டு மலப்புரம்காரர் மட்டும் வாயே திறக்கவில்லை. கடைசியில் "2020இல் மேலே ஏறியிருந்தால் அவர்களும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்" என்றார். நானும் மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் இருந்தேன், அதோடு நிறுத்திவிட்டேன்.

அவர் சொன்னது 2020 ஆகஸ்ட் 7 விபத்தை. அன்று துபாயிலிருந்து கோழிக்கோட்டின் கரிப்பூர் விமான நிலையத்துக்கு வந்த விமானமும் முதல் முறை மேலே ஏறியதுதான். இரண்டாவது முறை ஓடுபாதையின் மறுமுனை வழியாக, பின்காற்றோடு வந்து, கிட்டத்தட்ட பாதிப் பாதை தாண்டித் தரை தொட்டு, முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு பைலட்டுகளும் சேர்த்து 21 பேர் போய்விட்டார்கள். 2010இல் மங்களூரிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். மேலே ஏறிவிடலாம் என்று துணை பைலட் மூன்று முறை சொல்லியும் கேப்டன் இறக்கினார், 158 பேர் இறந்தார்கள். இரண்டுமே மலையைச் சீவிப் போட்ட ஓடுபாதை, பாதை முடிந்தால் பள்ளம்தான்.

வீடு சேர சாயங்காலம் ஆகிவிட்டது. அந்த கேப்டனுக்கு ஒரு நன்றி சொல்லியிருக்கலாம், பெட்டி எடுக்கிற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

*

மேலே எழுதியவர் கோவை, நான் திருச்சி. அவர் விமானத்துக்குள் இருந்தார், நான் பார்த்தது தரையிலிருந்து. 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. வண்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் (சக்கரம், பிரேக்கையெல்லாம் எண்ணெய் அழுத்தத்தில் இயக்கும் அமைப்பு) கோளாறாகி மேலேயே சுற்றுகிறது என்று டிவியில் போட்டான். உள்ளே நூற்று நாற்பது பேருக்கு மேல். கோளாறு என்றால் உடனே இறக்க வேண்டியதுதானே என்று தெருவே கேட்டது. அந்த ரக போயிங்கில் எரிபொருளை வானத்தில் கொட்ட வழி கிடையாது, எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். முழு டேங்கோடு இறக்கினால் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும்தான் பாரம். அதனால் இரண்டரை மணி நேரம் சுற்றிவிட்டு, எட்டே காலுக்கு வழக்கம்போல் இறங்கியது. அதற்குள் எங்கள் அம்மா மஞ்சள் துணியில் சமயபுரத்தாளுக்குக் காசு முடிந்து வைத்துவிட்டார். அந்த விமானத்தில் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது.