சைலன்சர் டிப் மாட்டிய பிறகு 2000 ஆர்பிஎம்மில் தகரச் சத்தம், பேஸும் வரவில்லை

கேள்வி – தென்றல்42

வண்டி 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். டெயில் பைப்பின் வெளிவிட்டம் 42 மி.மீ. அதன் முனையில் மாட்டியிருக்கும் டிப் (அலங்காரக் குழாய்) ஒற்றைச் சுவர் ஸ்டெயின்லெஸ். உள்வாய் 63 மி.மீ., வெளிவாய் 89 மி.மீ., நீளம் 23 செ.மீ. மூன்று ஸ்க்ரூவில்தான் நிற்கிறது. கால் மணி நேரம் ஓடிச் சூடானதும் 1800–2200 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) "ர்ர்ர்" என்று தகரம் அதிர்கிறது. இன்னொன்று: காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் மெல்லிய "சிக் சிக்", சூடானால் அது போய்விடுகிறது. எதிர்பார்த்த கனமான சத்தம் (பேஸ்) மட்டும் வரவே இல்லை. இன்னும் பெரிய டிப் போட்டால் வருமா? அதிர்வை எப்படி நிறுத்துவது?

பதில் – பட்டறைக்காரன்

42 பைப்புல 63 வாய் டிப் மாட்டினா சுத்திலும் 10 மி.மீ. இடைவெளி. அந்த இடைவெளியைத் தாண்டி மூணு ஸ்க்ரூ முனை மட்டும் பைப்பைத் தொட்டுக்கிட்டு நிக்குது. சூடேறினா 304 ஸ்டெயின்லெஸ், சாதா இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். பிடி தளர்ந்ததும் ஆட ஆரம்பிக்கும். குளிர்ந்திருக்கும்போது சத்தம் இல்லாததுக்குக் காரணம் இதுவாத்தான் இருக்கணும்.

உறுதிப்படுத்திக்கோங்க. திறந்த வெளியில வண்டியைச் சூடாக்கி, ஒருத்தர் 2000 ஆர்பிஎம்மில் பிடிக்கட்டும். நீங்க தடிமனான தோல் கையுறை போட்டு, ஒரு மரக்கட்டையால டிப்பைப் பக்கவாட்டுல அழுத்துங்க. சத்தம் நின்னா டிப்தான். நிக்கலைன்னா கட்டையை ஹீட் ஷீல்டுக்கும் (சூடு தடுக்கிற தகடு), அப்புறம் சைலன்சர் தொங்குற ரப்பருக்கும் கொண்டு போங்க. பம்பருக்கும் டிப்புக்கும் நடுவுல எல்லாப் பக்கமும் 20 மி.மீ.யாவது இருக்கணும். கியர் மாத்தும்போது இன்ஜின் அசைஞ்சா பைப்பும் கூடவே அசையும்.

சரி பண்ண: உள்வாய் 44 அல்லது 45 மி.மீ. உள்ள டிப் வாங்குங்க. வாயில வெட்டு விட்டு, பட்டை கிளாம்ப் போடுற மாதிரி இருக்கணும். பைப் 40 மி.மீ.யாவது உள்ளே போகணும். கிளாம்பை இறுக்கி, ஒரு தடவை நல்லா சூடாக்கி ஆறவிட்டு, மறுபடி இறுக்குங்க. இந்த இரண்டாவது இறுக்கத்தை விட்டா ஒரே வாரத்துல பழைய கதைதான். வெல்டிங் வைக்கிறதா இருந்தா பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, பம்பருக்கு ஈரச் சாக்கு போட்டு, 309எல் ராடுல (ஸ்டெயின்லெஸ்ஸையும் சாதா இரும்பையும் சேர்க்கிற வெல்டிங் ராடு) மூணு புள்ளி போதும்.

பதில் – அலைநீளம்

பேஸ் பற்றி. நான்கு சிலிண்டரில் கிராங்க் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 2000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 67 வெடிப்பு. நீங்கள் தேடும் கனமான சத்தம் அந்த 67 ஹெர்ட்ஸ்தான். பைப்பின் வாலில் வாயு 150 டிகிரி என்று வைத்தால் ஒலி நொடிக்கு சுமார் 410 மீட்டர் போகும். ஆக அந்த அலையின் நீளம் ஆறு மீட்டருக்கு மேல். 23 செ.மீ. டிப்பை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. வாயை 101 மி.மீ. ஆக்கினாலும் அதே நிலைதான்.

இருபக்கமும் திறந்த 23 செ.மீ. குழாய் சொந்தமாக முழங்குவது 900 ஹெர்ட்ஸை ஒட்டி. அது பேஸ் இல்லை, தகரக் குரல். ஒற்றைச் சுவர் என்றால் உலோகமும் மணி போலச் சேர்ந்து கணகணக்கும். விளிம்பு மடித்த இரட்டைச் சுவர் டிப்பில் இது பெரிதும் அடங்கும். வாங்கினால் அதையே வாங்குங்கள்.

டிப் உண்மையில் மாற்றக்கூடியது வாய் இருக்கும் இடத்தையும் திசையையும். பம்பருக்கு அடியிலேயே முடிந்தால் சத்தம் தரையிலும் வண்டியின் அடித்தளத்திலும் மோதி உள்ளே இரையும். பம்பரைத் தாண்டி ஒன்றிரண்டு செ.மீ. வெளியே வந்தால் குறையும், பெயிண்டில் கரியும் படியாது.

கனமான தொனி சைலன்சருக்குள் இருக்கும் அறைகளிலும் கண்ணாடிப் பஞ்சிலும்தான் உருவாகிறது. அதற்காகச் சைலன்சரை அறுத்துத் தடுப்பை எடுக்காதீர்கள். நெடுஞ்சாலையில் தலைவலி தரும் இரைச்சல்தான் கிடைக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பதில் – கேஸ்கட்

அந்த "சிக் சிக்" டிப் சம்பந்தப்பட்டதே இல்லை. குளிரில் இருந்து சூட்டில் மறைவது ஜாயின்ட் கசிவின் அடையாளம். உலோகம் விரிந்து இடுக்கு அடைபடுகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, கையுறையோடு தடித்த துணியால் பைப் வாயை இரண்டு மூன்று நொடி மட்டும் அடையுங்கள். இன்ஜின் திணறினால் கசிவு பெரிதில்லை. திணறாமல் எங்கோ "உஸ்" என்றால் அந்த இடத்தில் கறுப்பாகக் கரி படிந்திருக்கும். சைலன்சர் அடியில் இரண்டு மூன்று மி.மீ. துளை ஒன்று இருந்தால் அது தண்ணீர் வடிய கம்பெனியே விட்டது. அதை அடைத்தால் உள்ளே துருப்பிடிக்கும்.

தென்றல்42

கட்டையால் அழுத்தியதும் அதிர்வு நின்றது. நடுப் பைப்பும் சைலன்சரும் சேரும் இடத்தில் கரி இருக்கிறது. முதலில் எதைச் செய்வது?

கேஸ்கட்

ஜாயின்ட்டை முதலில். கேஸ்கட்டை (ஜாயின்ட்டில் கசிவைத் தடுக்கும் வளையம்) புதிதாகப் போட்டு, ஸ்பிரிங் போல்ட் இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் மறுபடி கசியும். ஜாயின்ட்டைப் பிரித்து மாட்டும்போது பைப்பின் கோணம் சற்று மாறும். அதனால் பம்பர் இடைவெளியை அளந்து டிப்பை அதன் பிறகே பொருத்துங்கள்.