சைட் லைவாக ஓடுகிறது, கடைசி 40 சதவீதம் மட்டும் வரவில்லை

ஒற்றையாள் டெவ்:
வேலையை விட்டுத் தனியாக காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்து ஒரு வருடம். ஒரு மொத்த வியாபார நிறுவனத்துக்கு ஆர்டர் மென்பொருள், தொகை மொத்தமாகப் பேசியது. 30 சதவீதம் முன்பணம், பாதியில் 30, முடித்ததும் 40. எல்லாம் முடிகிற நேரத்தில் "ரிப்போர்ட்டில் எக்செல் டவுன்லோட் வைத்துக் கொடுங்கள், ஒரு பட்டன்தானே" என்றார்கள். வைத்தேன். 200 வரிக்கு நன்றாக ஓடியது, ஒரு வருட டேட்டாவைக் கேட்டதும் 40,000 வரி, 30 நொடியில் டைம்-அவுட். அப்புறம் அதைப் பின்னணி ஜாபாக மாற்றி, ஃபைல் தயாரானதும் மெயிலில் லிங்க் போகிற மாதிரி செய்வதற்குள் 4 நாள் போய்விட்டது, காசு கிடையாது. இப்போது இன்னும் இரண்டு "சின்ன மாற்றம்" செய்தால்தான் மீதிப் பணமாம். 7 வாரம் ஆகிறது. சர்வர் லாகின் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, இழுத்து மூடிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பழைய கீபோர்டு:
முதல் காரியமாக அந்த லாகினை விட்டுத் தள்ளி நில்லுங்கள். அவர்கள் சர்வரில் அனுமதியில்லாமல் கை வைத்தால் பல நாடுகளில் அது குற்றம், பாக்கி கேட்கப் போனவர் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவீர்கள். "முடிந்தது" என்றால் என்ன என்று எங்காவது எழுதியிருக்கிறதா? நான் எப்போதும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்ப்பேன்: ஒப்படைத்து 10 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம், கோடின் உரிமை முழுப் பணமும் வந்த பிறகே மாறும். இரண்டாவது வரிக்கு மட்டும் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள், நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அந்தப் பட்டனை இனாமாகப் போட்டது உங்கள் தப்புதான், கோபிக்காதீர்கள். இனாமாகச் செய்தாலும் இன்வாய்ஸில் 4 நாள் என்று எழுதி, எதிரில் சுழியம் போட்டு அனுப்பியிருக்க வேண்டும். அடுத்த தடவை வாய் திறக்கும்போது அவர்களுக்கே கூச்சமாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
கொஞ்சம் தள்ளிப்போகிறேன், ஆனால் வலிக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பழைய வருடச் சம்பளத்தை 2,080ஆல், அதாவது 52 வாரம் × 40 மணியால், வகுத்து மணிக்கு இவ்வளவு என்று ரேட் வைத்தீர்களா? நானும் அப்படித்தான் செய்தேன். முதல் வருடக் குறிப்பைக் கூட்டிப் பார்த்தால் பில் போட முடிந்தது 1,150 மணிதான். மீதியெல்லாம் ஆள் தேடல், கொட்டேஷன், பாக்கிக்கு நினைவூட்டல், வரிக் கணக்கு, காய்ச்சல். அவ்வளவு ஒட்டிய ரேட்டில் 4 நாள் இனாம் என்றால் உயிர் போகத்தான் செய்யும்.

மறுபக்க ஆள்:
நான் காண்ட்ராக்டர்களுக்கு வேலை கொடுக்கிற பக்கம் இருக்கிறேன். மாற்றம் கேட்கிறவரும் பணம் விடுவிக்கிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள் இல்லை. பிஓ நம்பர் (நிறுவனம் கொடுக்கிற கொள்முதல் ஆணையின் எண்) இல்லாத இன்வாய்ஸ் எங்கள் அக்கவுண்ட்ஸில் யாரும் தொடாமல் கிடக்கும், காண்ட்ராக்டரோ நாங்கள் ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். நேராக அக்கவுண்ட்ஸைக் கூப்பிட்டு "இன்வாய்ஸ் எந்த நிலையில் இருக்கிறது" என்று மட்டும் கேளுங்கள். அந்த இரண்டு மாற்றத்துக்கும் தனி விலை, தனி மெயில். பழைய பாக்கியோடு அதை முடிச்சுப் போட விடாதீர்கள்.

ஒற்றையாள் டெவ்:
ஒப்பந்தம் என்று ஒன்றும் இல்லை, வெறும் மெயில்தான், திட்டாதீர்கள். அதைத் தோண்டியதில் "ரிப்போர்ட் திரையில் தெரிந்தால் போதும்" என்று மாற்றம் கேட்கிறவரே எழுதியது கிடைத்தது. அக்கவுண்ட்ஸையும் கூப்பிட்டேன். என் இன்வாய்ஸ் அவர்களுக்குப் போகவே இல்லையாம்.