புதுப்பிப்பு: தொட்டி வல்லாரையில் இலை கருகல் நின்றுவிட்டது

மாடித் தொட்டியில் வல்லாரை இலைகள் ஓரம் கருகிச் சிறுத்துப்போவதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, அகலத் தொட்டிக்கு மாற்றி உச்சி வெயில் படாத இடத்தில் வைக்கச் சொன்ன யோசனைதான். மண்ணில் மட்கிய தொழுவுரம் கலந்தேன். அடியில் தண்ணீர்த் தட்டு, கொசு முட்டையிடாதபடி அதில் மணல் நிரப்பினேன். கருகிய இலைகள் தேறவில்லை, கிள்ளிவிட்டேன். புதிய இலைகள் காம்பு நீண்டு, அகன்று, ஓரத்துப் பல்வரிசை தெளிவாகத் தெரிய வருகின்றன. துவையலுக்கு அருமை!

எதிர்பாராத ஒன்று: ஓடுதண்டு விளிம்பைத் தாண்டிப் பக்கத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் கணுவுக்குக் கணு வேர்விட்டிருக்கிறது. வேர்விட்ட கணுவை வெட்டி நட்டால் அதுவே புதுச் செடி; விதைக்கு அலைய வேண்டியதில்லை.