‘நிராகரி’ அழுத்தினாலும் குக்கீ விழுகிறது, ப்ளகின் மட்டும் பச்சை டிக் காட்டுகிறது. உதவி தேவை

தூரிகை:
வணக்கம். வேர்ட்பிரஸில் ஓவியப் பாடங்கள் விற்கும் ஒரு சின்னத் தளம் நடத்துகிறேன். வாங்குபவர்களில் பாதிப் பேர் ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம் இருப்பவர்கள், அதனால் ஜிடிபிஆர் (ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம்) தலைவலி வேண்டாமே என்று ஆரம்பத்திலேயே ஒரு குக்கீ சம்மத ப்ளகினைப் போட்டு (வருபவரின் பிரவுசரில் தளம் எழுதி வைக்கும் சின்னத் தகவல்தான் குக்கீ, அதற்கு அனுமதி கேட்பது இது), பேனர் அழகாக வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்படியே மறந்துபோனேன். போன வாரம் ஒரு மாணவர் ஸ்கிரீன்ஷாட்டோடு மெயில் போட்டிருக்கிறார், “நிராகரி அழுத்தின பிறகும் என் பிரவுசரில் _ஜிஏ இருக்கிறதே, எப்படி?” என்று. கூகுள் அனலிட்டிக்ஸ் போடும் குக்கீ அது. என் கணினியில் பார்த்தேன், உண்மைதான். ப்ளகினின் டாஷ்போர்டைத் திறந்தால் பச்சை டிக், ஸ்கேனில் குறையே இல்லையாம்.

இன்னொரு குழப்பம், சில சமயம் வருகிறது, சில சமயம் வருவதில்லை. ப்ளகினை மாற்றணுமா, காசு கட்டும் பதிப்புக்குப் போகணுமா? கோடு எழுதத் தெரியாது, ஆனால் சொன்னால் செய்வேன்.

வெட்டிஒட்டி:
ப்ளகினை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் உங்கள் சொந்தப் பிரவுசரில் பார்த்ததை நம்பாதீர்கள், அதில் பழைய குக்கீ ஏகப்பட்டது கிடக்கும், போதாக்குறைக்கு அட்மினாக வேறு உள்ளே இருப்பீர்கள். புதிதாக ஒரு இன்காக்னிட்டோ விண்டோ, எஃப்12, அப்ளிகேஷன் டேபில் குக்கீஸ். அதைத் திறந்து வைத்துக்கொண்டு அப்புறம் தள முகவரியைத் தட்டுங்கள். பேனர் வந்ததும் ஏற்கிறேனும் வேண்டாம், நிராகரியும் வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு பட்டியலில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

தூரிகை:
முகப்புப் பக்கத்தில், பேனரைத் தொடும் முன்பே மூன்று: _ஜிஏ, _ஜிஏ_ என்று ஆரம்பித்து நீளமாக ஒன்று, அப்புறம் _எஃப்பிபி. ஃபேஸ்புக் விளம்பரத்தை நான் நிறுத்தியே ரொம்ப நாளாகிறது, இது எங்கிருந்து முளைத்தது? விண்டோவை மூடிவிட்டு மறுபடி புதிதாகத் திறந்து, நேராக ஒரு பாடத்தின் பக்கத்துக்குப் போனால் _எஃப்பிபி மட்டும்தான் வருகிறது.

நடுநிசி நிரலாளர்:
அந்தக் கடைசி வரியைச் சொன்னீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு.

_எஃப்பிபி எல்லாப் பக்கத்திலும் வருகிறது என்றால் ஃபேஸ்புக்கின் கண்காணிப்புக் கோடான பிக்சலை யாரோ தீமின் ஹெடரில், அதாவது எல்லாப் பக்கத்தின் தலையிலும் வருகிற பகுதியில், நேரடியாக ஒட்டியிருக்கிறார்கள். ப்ளகின் தனக்குத் தெரிந்த ஸ்கிரிப்டைத்தான் பிடித்து வைக்கும், ஹெடரில் ஒட்டியது அதன் கண்ணில் படாமலே போகலாம். பிரவுசர் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வருகிறது, ஸ்கிரிப்டைப் பார்த்ததும் ஓட்டிவிடுகிறது, பேனர் தலைகாட்டுவதற்குள் குக்கீ விழுந்தாகிவிட்டது. வைத்துக்கொள்ள வேண்டிய ஸ்கிரிப்ட் என்றால் அதன் டைப்பை டெக்ஸ்ட்/ப்ளெய்ன் என்று மாற்றுவார்கள், பிரவுசர் அதை வெறும் எழுத்தாக நினைத்து விட்டுவிடும், சம்மதம் வந்த பிறகு ப்ளகின் அதற்கு உயிர் கொடுக்கும். நீங்கள்தான் விளம்பரமே கொடுப்பதில்லையே, எடுத்துக் கடாசுங்கள்.

_ஜிஏ கதை வேறு. பக்கங்களைச் சேமித்து வைக்கும் கேஷ் ப்ளகின் ஏதாவது ஓடுகிறதா? சில சம்மத ப்ளகின்கள் ஸ்கிரிப்டைப் போடலாமா வேண்டாமா என்பதை சர்வரிலேயே முடிவு செய்யும். கேஷைக் காலி செய்த பிறகு முகப்புக்கு முதலில் வந்தவர் ஏற்கெனவே ‘ஏற்கிறேன்’ அழுத்தியவர் என்றால், அனலிட்டிக்ஸ் ஸ்கிரிப்டோடு சேர்ந்த பக்கம் கேஷில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் அதே பக்கம்தான். பாடப் பக்கத்துக்கு முதலில் வந்தவர் நிராகரித்தவராக இருந்திருப்பார். ஒருத்தர் அழுத்திய பட்டனுக்கு ஊரே சம்மதித்த மாதிரி ஆகிவிடுகிறது!

ப்ளகின் அமைப்பில் ஸ்கிரிப்டைப் பிரவுசர் பக்கமே தடுக்கும் தேர்வு இருக்கும், அதற்கு மாற்றுங்கள். கேஷ் ப்ளகினில் ஜாவாஸ்கிரிப்டைத் தாமதப்படுத்தும், ஒன்றாகச் சேர்க்கும் அமைப்புகளிலிருந்து சம்மத ப்ளகினின் கோப்பை விலக்கிவிட்டு, கேஷை முழுக்கக் காலி செய்யுங்கள். பச்சை டிக்கைப் பற்றிக் கவலை வேண்டாம், என்னென்ன குக்கீ இருக்கிறது, அவற்றை வகை பிரித்தாகிவிட்டதா என்பதற்குத்தான் பெரும்பாலும் அந்த டிக். பட்டனை அழுத்தும் முன் விழுந்ததா பின் விழுந்ததா என்று அது பார்ப்பதில்லை.

சும்மாஒருத்தன்:
இதற்கு ஏன் இவ்வளவு அலட்டல்? “தொடர்ந்து பயன்படுத்தினால் சம்மதித்ததாகக் கொள்வோம்” என்று ஒரு வரி போட்டால் முடிந்தது. எத்தனை தளத்தில் பார்க்கிறோம்.

சட்டப்புள்ளி:
பார்க்கிறோம்தான், ஆனால் அது ஐரோப்பாவில் செல்லாது. பேசாமல் இருப்பதும், ஒன்றும் செய்யாமல் இருப்பதும் சம்மதம் ஆகாது என்று ஜிடிபிஆரின் முகவுரையே சொல்கிறது. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டமும் சம்மதம் இல்லை என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று ப்ளானட்49 வழக்கில் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. குக்கீயில் இருப்பது தனிப்பட்ட தகவலா இல்லையா என்பதும் இங்கே கேள்வியே இல்லை. 2002-ஆம் ஆண்டின் ஈபிரைவசி உத்தரவு, பிரிவு 5(3), பயனரின் கருவியில் எதையாவது எழுதுவதையும் அங்கிருந்து படிப்பதையும் பற்றியது. “குக்கீக்குப் பதில் லோக்கல் ஸ்டோரேஜில் (பிரவுசரின் இன்னொரு சேமிப்பிடம்) போட்டுவிட்டேன்” என்று தப்பிக்கப் பார்ப்பவர்களுக்கும் அதே விதிதான். லாகின், ஷாப்பிங் கார்ட்டில் போட்ட பொருள் மாதிரி, பயனர் கேட்ட சேவைக்கு இல்லாமல் தீராதவற்றுக்கு மட்டும் சம்மதம் தேவையில்லை.

தூரிகை, பேனரையும் ஒருமுறை பாருங்கள். ‘ஏற்கிறேன்’ பெரிதாக முன்னால், ‘நிராகரி’ அமைப்புகளுக்குள் இரண்டாவது திரையில் என்றால் அதுவும் சிக்கல். ஏற்பது போல மறுப்பது சுலபமாக இல்லை என்று பிரான்சின் தகவல் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் போட்டதை 2022 ஜனவரியில் அறிவித்தது. உங்கள் தளத்தைத் தேடி யாரும் அவ்வளவு பெரிய நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை, விதி என்னவோ ஒன்றுதான். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் அதே அளவு சுலபமாக இருக்கணும், பக்கத்தின் அடியில் ஒரு இணைப்பு போதும்.

தூரிகை:
எல்லோருக்கும் நன்றி. ஹெடரில் பிக்சல் இருந்தது, முன்பு தளத்தைக் கட்டித் தந்தவர் ஒட்டியது போல. எடுத்துவிட்டேன். கேஷ் விஷயமும் அப்படியே சொன்ன மாதிரிதான். இப்போது இன்காக்னிட்டோவில் தொடும் முன் பட்டியல் காலி, ப்ளகினின் சொந்தக் குக்கீ தவிர.

ஆனால் ஏற்கிறேன் அழுத்திவிட்டு, பிறகு அடியில் உள்ள இணைப்பில் போய்ச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் _ஜிஏ போக மாட்டேன் என்கிறது. நெட்வொர்க் டேபில் ‘கலெக்ட்’ என்று ஒன்று அப்போதும் போய்க்கொண்டே இருக்கிறது.

நடுநிசி நிரலாளர்:
குக்கீயின் டொமைன் பத்தியைப் பாருங்கள். உங்கள் முகவரிக்கு முன்னால் ஒரு புள்ளி இருக்கும். அனலிட்டிக்ஸ் அதை முதன்மை டொமைனில் எழுதுகிறது. ப்ளகின் அழிக்கும்போது டொமைனைச் சொல்லாமல் அழித்தால் பிரவுசர் அதை வேறொரு குக்கீ என்று எடுத்துக்கொள்ளும், பழையது அப்படியே நிற்கும், அதன் இயல்பான ஆயுள் 2 வருடம். அமைப்பில் குக்கீ டொமைன் என்ற கட்டத்தில் புள்ளியோடு முகவரியைப் போடுங்கள்.

அந்தக் ‘கலெக்ட்’ வரியைக் கிளிக் செய்து உள்ளே ஜிசிஎஸ் என்ற மதிப்பைத் தேடுங்கள். ஜி111 என்றால் விளம்பரம், அனலிட்டிக்ஸ் இரண்டுக்கும் சம்மதம் என்று போகிறது. ஜி100 என்றால் கூகுளின் சம்மத அமைப்பான கன்சென்ட் மோடின் அட்வான்ஸ்டு வகை ஓடுகிறது, குக்கீ இல்லாமல் ஒரு சின்னத் தகவல் மட்டும் கூகுளுக்குப் போகும். அதுவும் வேண்டாம் என்றால் பேசிக் வகைக்கு மாறுங்கள், சம்மதம் வரும்வரை கூகுளின் ஸ்கிரிப்ட் (டேக்) ஏறவே ஏறாது. நானாக இருந்தால் பேசிக்தான்.

சட்டப்புள்ளி:
கையோடு ஃபான்ட்டையும் பார்த்துவிடுங்கள். கூகுளின் சர்வரிலிருந்து ஃபான்ட் ஏற்றியதால் பார்வையாளரின் ஐபி முகவரி சம்மதமில்லாமல் வெளியே போனது என்று மியூனிக் நீதிமன்றம் 2022 ஜனவரியில் ஒரு தள உரிமையாளரை 100 யூரோ கொடுக்கச் சொன்னது. அங்கே குக்கீயே கிடையாது, அதனால் குக்கீயை மட்டும் தேடும் ஸ்கேனில் இது சிக்காது. ஃபான்ட் கோப்பை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தூரிகை:
ஜி100 தான் இருந்தது. பேசிக்குக்கு மாற்றிவிட்டேன், புள்ளி போட்டதும் _ஜிஏவும் போய்விட்டது. ஃபான்ட்டை இன்று ராத்திரி மாற்றுகிறேன். ரிப்போர்ட்டில் வருகையாளர் எண்ணிக்கை சட்டென்று விழுந்துவிட்டது, இது சாதாரணம்தானே?

வெட்டிஒட்டி:
சாதாரணம்தான். ஆள் குறையவில்லை, மறுத்தவர்களை இத்தனை நாள் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தது. மாணவருக்குப் பதில் எழுதும்போது எந்தத் தேதியில் என்ன மாற்றினீர்கள் என்பதையும் போட்டு, அந்த மெயிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.