ஊர் வீட்டுக்கு மண் சுவர்

வள்ளி சித்தி: புதுக்கோட்டை வீட்டுக்கு மண் சுவர்தான் என்று மாமா முடிவாகச் சொல்லிவிட்டார். ஏசியே வேண்டாமாம். இங்கே சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் படுக்கையறை மேற்குச் சுவருக்கும் உள்ளே மண் பூசலாமா, கதிர்? ராத்திரி பத்து மணிக்குக் கை வைத்தாலும் சுடுகிறது.

கதிர்: அங்கே வேண்டாம் சித்தி. மண் சூட்டைத் தடுக்காது, வாங்கி வைத்துக்கொள்ளும். 1 அடி கனத்துக்கு இடித்துக் கட்டிய மண் சுவரைச் சூடு கடக்க ஏறக்குறைய 10 மணி நேரம் ஆகும். மதிய வெயில் ராத்திரிதான் உள்ளே வந்து சேரும். அந்நேரம் வெளியே குளிர்ந்திருந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டாலே சுவர் ஆறிவிடும். ஊரில் கோடையில் பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரும். இங்கே பகலில் 31, 32. ராத்திரியும் 23க்குக் கீழே இறங்குவது அரிது. சுவர் எப்போது ஆறும்?

செல்வம் சித்தப்பா: நம் அடுக்குமாடி புளோக் கான்கிரீட்டும் இதே கதைதானே?

கதிர்: அதேதான் சித்தப்பா. வெயில் சுவரில் படாமல் வெளியே மறைத்தால்தான் பலன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வெளிப்புறத்தில் நாமாக எதையும் மாற்ற முடியாது. கட்டிலை அந்தச் சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்கள். ராத்திரி எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

மங்கை அக்கா: அம்மாச்சி வீட்டு மாடியில் பானைகளைக் கவிழ்த்து வைத்து, மேலே சுண்ணாம்புக் கலவை போட்டு, தட்டை ஓடு பதித்திருந்தார்களே?

கதிர்: அதுதான்க்கா அருமையான வேலை! பானைக்குள் அடைபட்ட காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. வைக்கோல் நிறையச் சேர்த்து லேசாக்கிய மண்ணும் அப்படித்தான். ஒற்றை மாடி வீட்டில் உச்சி வெயில் முழுதும் கூரையில்தான் இறங்கும். மாமா முதலில் கூரைக்குச் செலவு செய்யட்டும்.

வள்ளி சித்தி: மண் சுவர் மழைக்குக் கரையாதா?

கதிர்: கருங்கல் அஸ்திவாரத்தைத் தரைக்கு மேல் ஒன்றரை அடி எழுப்பி, கூரையை நன்றாக வெளியே நீட்டினால் தாங்கும். புதுச்சேரி பக்கம் ஆரோவில்லில் அழுத்திய மண் கல்லுக்கு 5 சதவீத அளவில் சிமெண்ட் சேர்க்கிறார்கள், சூளையில் சுடுவதே இல்லை. எதற்கும் மண்ணைப் பார்த்துவிடலாம். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, கீழே தோண்டிய மண்ணைக் கண்ணாடிப் போத்தலில் பாதி போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு நாள் அசைக்காமல் வைக்கச் சொல்லுங்கள். அடியில் மணல் படியும், மேலே களிமண் நிற்கும். எது எவ்வளவு என்று கண்ணாலேயே தெரியும்.

வள்ளி சித்தி: சரி, இப்போதே மாமாவைக் கூப்பிட்டுச் சொல்கிறேன். போத்தல் படம் வந்ததும் இங்கே போடுகிறேன்.